கொலு பொம்மையை பரண் மேல ஏத்தப் போறீங்களா? எலிக்கு வீடு கட்டிக் கொடுக்காம பேக் பண்றது எப்படி?

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தாச்சு. இனி கொலுப்படியைக் கலைத்து, பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி, லாஃப்ட்டில் தள்ள வேண்டியதுதான். அதற்கப்புறம் பதினோரு மாதம் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்த வருஷம் மகாளய அமாவாசைக்கு இறக்கிப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும். தசாவதார செட்டில் வாமனருக்குக் குடை இருக்காது. மரப்பாச்சிக்குக் கட்டிவிட்ட பட்டுப் பாவாடை பஞ்சு பஞ்சாகக் கிடக்கும். பெட்டிக்கு அடியில் அரிசி அளவுக்குப் புழுக்கை. புதுசு வாங்கலாம்தான். ஆனால் பாட்டி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த செட்டில் ஒன்று போனால், அதே முகத்தோடு, அதே வர்ணத்தோடு இன்னொன்று எங்கே கிடைக்கும்?

எலிக்கு பொம்மை மேல என்ன கோபம்?

கோபம் எதுவும் இல்லை. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், குட்டி போட அதற்கு மெத்தென்று ஓர் இடம் வேண்டும். நாம் பொம்மையைச் சுற்றி வைக்கும் பழைய நியூஸ் பேப்பர், வைக்கோல், கிழிந்த வேட்டி எல்லாமே அது தேடி அலையும் கூட்டுச் சாமான்கள். இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லை, மெத்தையும் ரெடி. வேறென்ன வேண்டும்?

ஒரு சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். ஓர் ஈட்டுக்கு ஐந்தாறு குட்டிகள். அந்தக் குட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் குட்டி போடத் தயாராகிவிடும். பதினோரு மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் காகிதக்கூழ் பொம்மைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாது என்று விரும்பி வாங்குகிறோம். ஆனால் அது காகிதமும் பசையும் சேர்ந்தது. களிமண் பொம்மையை எலி அவ்வளவாகக் கடிக்காது, உருட்டிவிட்டு மூக்கை உடைத்துவிடும்.

மாட்டிவிடுவது செட்டியார் கடை

பல வீடுகளில் எலியைக் கூப்பிடுவது செட்டியார் பொம்மைதான். அவர் கடையில் பரப்பிய அரிசி, துவரம்பருப்பு, கடலை எல்லாம் நிஜம். ஒன்பது நாள் கழித்து அவசரத்தில் கொட்டிவிட்டு, கிண்ணங்களைத் துடைக்காமல் அப்படியே பெட்டியில் போடுகிறோம். பூங்காவுக்கு முளைக்கவிட்ட கேழ்வரகு, கலசத்துக்கு அடியில் பரப்பிய நெல், படித்துணியில் சிந்திய சுண்டல் என்று எல்லாவற்றிலும் வாசனை ஒட்டியிருக்கும். நமக்குத் தெரியாது, எலிக்குத் தெரியும். படித்துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே மடியுங்கள். அதையும் பொம்மைப் பெட்டியில் வைக்காமல் பீரோவில் வைப்பது நல்லது.

தகரப்பெட்டி ஏன் பெஸ்ட்?

அந்தக் காலத்தில் பொம்மைகள் தகர ட்ரங்குப் பெட்டியில் தூங்கின. அதை எடைக்குப் போட்டுவிட்டு டிவி வந்த அட்டைப்பெட்டிக்கு மாறினோம். எலி விஷயத்தில் இதுதான் பெரிய தவறு. அட்டையைக் கடிக்க எலிக்குச் சில நிமிஷம் போதும், கடித்த அட்டையே அதற்கு மெத்தை. மூடி இறுக்கமாகப் பொருந்தும் தகரப்பெட்டிதான் முதல் சாய்ஸ். பெட்டியின் மூலையில் துரு பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, கிளிப் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. பிளாஸ்டிக்கையும் எலி கடிக்கும், ஆனால் உள்ளே உணவு வாசனை இல்லாவிட்டால் அவ்வளவு மெனக்கெடுவது குறைவு.

சுற்றி வைக்க வைக்கோல் வேண்டாம். சுத்தமான, காய்ந்த பருத்தித் துணியோ பபிள் ராப்போ போதும். பூச்சிக்காக வேப்பிலை போடுவதாக இருந்தால் முழுசாக உலர்ந்ததாக இருக்கட்டும், ஈர இலை வர்ணத்தைக் கெடுக்கும்.

மழையும் எலியும் சேர்ந்தே வரும்

நவராத்திரி முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். வளைகளில் தண்ணீர் புகுந்ததும் எலிகள் மேடான, காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் ஏறும். நாம் பெட்டியை மூடி வைப்பதும் அதே நேரத்தில்தான். அதனால் லாஃப்ட்டில் ஏற்றுவதற்கு முன் ஓட்டைகளைப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவு, அதாவது சுமார் 6 மி.மீ. இடைவெளி இருந்தாலே சுண்டெலி உள்ளே வந்துவிடும். பெரிய எலிக்கு 12 மி.மீ. போதும். ஏசி பைப் போகும் துளை, கேபிள் ஒயர் வரும் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரம், பாத்ரூம் குழாய்ச் சந்து ஆகிய இடங்களில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் பேப்பரோ தெர்மாகோலோ அடைத்தால் ஒரே ராத்திரியில் வழி பண்ணிவிடும். மாடி ஜன்னலை உரசும் மரக்கிளையையும் வெட்டிவிடுங்கள், வீட்டு எலி நன்றாக ஏறும்.

பிள்ளையார் பொம்மையின் காலடியில் இருக்கும் மூஞ்சூறுவை இந்தக் குற்றப்பட்டியலில் சேர்க்க வேண்டாம். அது எலி இனமே இல்லை. கரப்பான்பூச்சி தின்னும் பிராணி, பொம்மையைக் கடிக்காது.

நாப்தலீன் உருண்டை, அல்ட்ராசோனிக் மெஷின் வேலை செய்யுமா?

நாப்தலீன் உருண்டை துணிப் பூச்சிக்குத்தான். அந்த வாசனைக்கு எலி பயந்து ஓடும் என்று நம்பி இருக்க முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது ஆபத்தும்கூட. பிளக்கில் மாட்டும் அல்ட்ராசோனிக் கருவிக்கும் பெரிய பலன் இல்லை. முதலில் மிரளும் எலி, சில நாளில் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும்.

விஷம் வைப்பதில்தான் உண்மையான ஆபத்து. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலித் தொல்லைக்காக மருந்து வைக்கப்பட்டது. இரவு அங்கே தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கல்லீரலைச் சிதைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்திருக்கிறது. அதோடு, விஷம் தின்ற எலி பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் செத்தால் நாற்றத்தைத் தேடி லாஃப்ட்டையே காலி பண்ண வேண்டியிருக்கும்.

பழைய எலிக்கூண்டே போதும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். எனவே இரண்டு மூன்று நாள் கதவு மூடாதபடி கட்டி, தேங்காய்த் துண்டோ மசால் வடையோ வைத்துப் பழக்குங்கள். பிறகு பொறியை ஏற்றினால் சிக்கும். பசை அட்டை வேண்டாம். எலி உயிரோடு துடித்துக்கொண்டு கிடக்கும். அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியமே அறிவுறுத்தியிருக்கிறது.

சீரியல் லைட்டை செக் பண்ணாம சொருகாதீங்க

பொம்மையோடு சேர்த்துச் சுருட்டிப் போட்ட சீரியல் லைட் ஒயரையும் எலி விடாது. மேல்தோல் போன ஒயர் ஷாக் அடிக்கும், பட்டுத்துணி விரித்த படியில் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முழு நீளத்தையும் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கில் சொருகுங்கள். கடிபட்டிருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஏற்கெனவே எலி புகுந்துவிட்டதா?

துடைப்பத்தை எடுக்காதீர்கள். காய்ந்த புழுக்கையைக் கூட்டினால் தூசியாகப் பறந்து மூக்கில் ஏறும். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பெட்டியில் தெளித்து, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய துணியால் வழித்து எடுங்கள். பொம்மை மேல் ப்ளீச் படக் கூடாது, வர்ணம் போய்விடும். களிமண் பொம்மையைப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரம் அதிகம் ஆகாது, லேசாகத் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

பின்னமான பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது என்பது பல வீட்டு வழக்கம். அதற்காக உடனே தூக்கிப் போட வேண்டாம். கடிபட்ட இடத்தில் ஊறவைத்த காகிதத்தையும் பசையையும் பிசைந்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து வர்ணம் பூசினால் சின்னச் சேதம் மறைந்துவிடும். முகமே போயிருந்தால் பொம்மை செய்பவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் நவராத்திரி சமயத்தில் ரொம்ப பிஸி. தை மாதம் கொடுத்தால் நிதானமாகச் செய்து தருவார்கள். எப்படியும் போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது லாஃப்ட்டைத் தொடுவீர்கள். அப்போதே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால், சேதம் மூன்று மாதத்தோடு நிற்கும்.