எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார்

அரசியற் செல்வாக்குப் பதவியினின்றே பிறக்கும் என்பது பலர் எண்ணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியற் சட்டம் ஜனாதிபதியின் மனைவிக்கு யாதோர் அதிகாரமும் அளிக்கவில்லை, சம்பளமும் இல்லை. அங்ஙனமிருந்தும், 1933 முதல் 1945 வரை அந்நிலையிலிருந்த எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அந்நாட்டு அரசியலிற் பெருஞ் செல்வாக்குப் பெற்று விளங்கினார். அஃது எவ்வாறு இயன்றதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அம்மையார் 1884-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக்குடியிற் பிறந்தார். பத்து வயது நிரம்புமுன்னரே தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். கூச்சமும் அச்சமும் மிக்க அச்சிறுமி, 1899-இல் இலண்டன் மாநகர்க்கு அருகிலிருந்த அல்லன்ஸ்வுட் பள்ளியிற் சேர்க்கப்பெற்றார். அங்குத் தலைமையாசிரியையாயிருந்த மாரி சுவெஸ்டர் என்னும் பிரெஞ்சு மாது, மாணவியர் பாடத்தை ஒப்பிப்பதோடு நில்லாமல் தாமே சிந்தித்துரைக்க வேண்டுமென வற்புறுத்துபவர். அவரிடம் பயின்ற மூன்றாண்டுகளே அம்மையார்க்குத் தன்னம்பிக்கை அளித்தன. அவ்வாசிரியையின் படத்தைப் பிற்காலத்தும் அம்மையார் தம் மேசைமீது வைத்துப் போற்றினார்.

1905-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார். 1921-இல் இளம்பிள்ளை வாதத்தால் கணவர் கால்கள் வலிமையிழந்தன. அவர் செல்லலாகாத இடங்களுக்கெல்லாம் மனைவியார் சென்றார். கணவர் நியூயார்க் மாகாணக் கவர்னராயிருந்த நாளில், ஓர் அரசாங்க விடுதியைப் பார்வையிட்டு வந்த அம்மையாரை, அங்குள்ளார் என்ன உண்கின்றனர் என்று வினவினாராம். உணவுப் பட்டியலைக் கண்டதாக அம்மையார் கூற, பட்டியலை நம்பாது அடுப்பிலுள்ள பானையைத் திறந்து பார்க்குமாறு கணவர் பணித்தார். அன்று முதல் அம்மையார் பானையையே திறந்து பார்த்தார். நிலக்கரிச் சுரங்கம், ஏழையர் குடியிருப்பு, சிறைச்சாலை எனச் சென்று, தாம் கண்டவற்றை ஜனாதிபதியிடம் நேரே எடுத்துரைத்தார்.

பெண் நிருபர்களுக்கு மட்டுமே உரிய பத்திரிகைக் கூட்டங்களை நடத்தினார். அதனாற் பத்திரிகைகள் பெண்களை வேலையில் வைத்துக்கொள்ளுதல் அவசியமாயிற்று. 1935 முதல் 1962 வரை ‘என் நாள்’ என்னும் பொருள்படும் தலைப்பிற் பத்திரிகைகளில் எழுதிவந்தார். 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு வாஷிங்டனில் தன் மண்டபத்தை மறுத்த மாதர் சங்கத்தினின்று விலகினார். அவ்வாண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் லிங்கன் நினைவாலயத்தின்முன் அப்பாடகி பாட, ஏறத்தாழ 75,000 மக்கள் கேட்டனர்.

எனினும், அச்செல்வாக்குக்கும் ஓர் எல்லை உண்டு. கறுப்பின மக்களைக் கும்பல்கூடி விசாரணையின்றிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென அம்மையார் பன்முறை வேண்டினார். தென்மாகாணப் பிரதிநிதிகளின் பகைக்கு அஞ்சிய ஜனாதிபதி அதற்கு முன்வரவில்லை. அத்தகைய சட்டம் 2022-இலேதான் நிறைவேறிற்று.

கணவர் 1945-இல் மறைந்தபின், ஐக்கிய நாடுகள் சபைக்குப் பிரதிநிதியாக நியமனம் பெற்று, மனித உரிமைக் குழுவின் தலைவரானார். அக்குழுவில் நம் நாட்டின் ஹன்ஸா மேத்தா அம்மையாரும் இருந்தார். ஆடவரை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க ஆங்கிலச் சொல்லை மாற்றி, ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்னும் பொருள்படும் தொடரை முதற்பிரிவில் அமைத்தது ஹன்ஸா அம்மையாரின் வற்புறுத்தலாலேயாம். அப்பிரகடனம் 1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில், 48 நாடுகள் ஆதரிக்க, எதிர்ப்பார் ஒருவருமின்றி நிறைவேறிற்று. எட்டு நாடுகள் நடுநிலை வகித்தன.

1962 நவம்பர் 7-ஆம் நாள் அம்மையார் காலமானார். பதவி கிட்டியபின் பணி செய்வோம் என்றிருக்கும் மாணவர் நம்மிற் பலர். பானையைத் திறந்து பார்க்கவும், கண்டதை அஞ்சாது உரைக்கவும் பதவி வேண்டுவதில்லை என்பதை அம்மையார் வரலாற்றால் அறிகின்றோம்.