கடைசி ஓட்டக்காரருக்கும் தண்ணீர்

மும்பையில் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய மாரத்தான் ஓட்டம், பின்னர் குளிர்ச்சி மிகுந்த சனவரி மாதத்திற்கு மாற்றப்பட்டு, பல்லாயிரம் மக்கள் பங்கேற்கும் பெருநிகழ்ச்சியாக வளர்ந்துள்ளது. அத்தகைய ஓட்டத்திற்குப் பெருநிதியும் மாநகர நிர்வாகத்தின் முழு ஒத்துழைப்பும் தேவை. ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர் தொலைவுக்கான ஓட்டத்தையோ ஒரு குடியிருப்பின் மக்களே நடத்திவிட முடியும்.

செம்பூரை அடுத்து, டிராம்பே செல்லும் வழியில் அமைந்துள்ள அணுசக்தி நகர் இதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று. அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பான இந்நகரில் பள்ளிகள் உள்ளன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மருத்துவமனையும் இங்கேயே உள்ளது. வெளியே சயான்–டிராம்பே சாலையில் லாரிகளும் பேருந்துகளும் ஓயாமல் செல்கின்றன. அச்சாலையைத் தொடாமல், உட்சாலைகளிலேயே இரண்டரை கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்றை வகுத்தால், இரு சுற்றில் ஐந்து கிலோமீட்டர் முடிந்துவிடும். ஒரே தண்ணீர்ப் பந்தல் இரு முறை பயன்படும் என்பது கூடுதல் ஆதாயம். குடியிருப்பு நிர்வாகம், பாதுகாப்புப் பிரிவு ஆகியவற்றின் எழுத்து மூலமான இசைவை முன்னதாகவே பெறுதல் வேண்டும்.

தொலைவை அளப்பதில் பலர் அசட்டையாக இருக்கின்றனர். மோட்டார் வண்டியின் மீட்டரை நம்பி அளந்த பாதை நூறு மீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை சைக்கிள் அளவையே. 1971இல் அமெரிக்காவில் உருவான ஜோன்ஸ் எண்ணி என்னும் சிறு கருவி முன்சக்கரத்தில் பொருத்தப்படுகிறது. முதலில் எஃகு நாடாவால் அளந்த நேர்சாலையில் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, அத்தொலைவுக்கு எத்தனை எண்ணிக்கை எனக் கண்டறிய வேண்டும். பாதையை அளந்து முடித்த பிறகும் இதனைத் திரும்பச் செய்ய வேண்டும். வெயில் ஏற ஏற டயரின் காற்று விரிந்து அளவு மாறுவதே காரணம். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிச் செல்லும் மிகக் குறுகிய வழியையே அளத்தல் வேண்டும். ஒரு முழுச் சுற்றில் ஒரு மீட்டர் விலகி ஓடுபவர் ஆறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறார்! பாதை குறைந்துவிடாதிருக்க, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சேர்ப்பதும் மரபாகும்.

பந்தயத்தின் தரம் முதலில் வருபவரைக் கொண்டு மதிப்பிடப்படுவதில்லை. 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான் கடும் வெப்பத்தில் நடந்தது. முன்னணி வீரர் இரண்டு மணி பதினோரு நிமிடத்தில் ஓடி முடித்துப் பரிசும் பெற்றுவிட்டார். பின்னால் வந்தவர்களுள் பலர், தண்ணீர் கிடைக்கவில்லை என முறையிட்டனர்; இறுதியில் ஓட்டமே இடையில் நிறுத்தப்பட்டது. மெதுவாக ஓடுபவரே வெயிலில் நெடுநேரம் இருக்கிறார், அவருக்கே தண்ணீர் மிகுதியாகத் தேவை. எனவே கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். அறுநூறு பேர் ஓடினால், ஒருவர் ஒரு முறைக்கு இரண்டு குவளை, குவளைக்கு 150 மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு 180 லிட்டர் ஆகிறது. இரு சுற்றுக்கு 360 லிட்டர். முடிவுக்கோட்டில் வழங்குவது தனி. இரண்டாம் சுற்றுக்குரிய பங்கை முதற்சுற்றில் தொடாமல் தனியே வைக்கத் தெரிந்த ஒருவரைப் பந்தலுக்குப் பொறுப்பாக்குவது நல்லது.

மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உடல் வெப்பம் தணிய வழியின்றிப் போகிறது. டிசம்பர், சனவரி மாதங்களில் விடியற்காலையே தகுந்த வேளை. ஓடுபவர் தள்ளாடினாலோ பிதற்றினாலோ அதனை வெறும் களைப்பு என்று விட்டுவிடலாகாது. உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்த வெப்பத் தாக்காக அது இருக்கலாம். அவரைப் பனிக்கட்டி நீர்த்தொட்டியில் அமர்த்தி அங்கேயே குளிர்வித்த பின்னரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதயத் துடிப்பு நின்றவருக்கு மின்னதிர்ச்சி தருவதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும், பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைகிறது. மருத்துவமனை அருகில் இருப்பினும், அக்கருவியும் மார்பை அழுத்தி முதலுதவி செய்யப் பயின்ற தொண்டர்களும் பாதையிலேயே இருப்பது இன்றியமையாதது.

மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஐந்து கிலோமீட்டரை முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே எழுபத்தைந்து நிமிடமேனும் சாலை மூடப்பட்டிருக்க வேண்டும். இதனைக் குடியிருப்போருக்கும் பால், செய்தித்தாள் கொணர்வோருக்கும் முந்தைய வாரமே அறிவித்தல் நலம். கடைசி ஓட்டக்காரரின் பின்னே ஓர் ஊர்தி செல்லும். அது முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகே தொண்டர்கள் தம் இடத்தை விட்டு அகலலாம். அதன் பின் குவளைகளைப் பொறுக்கிச் சாலையைத் திறந்துவிட வேண்டியதுதான்.