ஹார்டிக்குப் போன கடிதம்

‘அவனுக்கு மச்சம்ப்பா!’ கோவிலம்பாக்கம் டீக்கடையிலும் காதில் விழுகிற பேச்சுதான்.

மச்சத்தையே சோதித்துப் பார்த்தார் பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மேன். செய்தித்தாளில் எத்தனை படங்கள் என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் விடை: எண்ணுவதை நிறுத்துங்கள், 43 படங்கள். தங்களை அதிர்ஷ்டசாலிகளாக நினைத்தவர்கள் அதைச் சட்டென்று கவனித்தார்கள். துரதிர்ஷ்டசாலிகளாக நினைத்தவர்கள் பெரும்பாலும் தவறவிட்டார்கள். பதற்றம் பார்வையைக் குறுக்கிவிடும் என்கிறார் அவர்.

கண் திறந்திருந்தால் மட்டும் போதாது, கதவையும் தட்ட வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளக் குமாஸ்தா கணித மேதை ராமானுஜன். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் பேக்கர், ஹாப்சன் இருவரும் தன் கடிதங்களுக்குக் கைவிரித்த பிறகும் 1913 ஜனவரியில் அங்கிருந்த இன்னொரு கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதம் ஹார்டி கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. 1914 மார்ச் 17-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் செல்ல சென்னையில் கப்பல் ஏறினார்.