மாதிரி விமானமும் கூலிக்குப் படமெடுக்கும் டிரோனும்

பெரிய காஞ்சிபுரத்தை அடுத்த கிராமங்களில் இக்காலத்தில் ஒரு கும்பாபிஷேகமோ கலியாணமோ நடைபெறுமாயின், டிரோன் ஒன்று தலைக்கு மேலே ரீங்காரமிடுவது வழக்கமாகிவிட்டது. படமெடுப்பதற்கு மட்டுமன்றி, திரண்டு நிற்கும் மக்கள்மீது புனித நீர் தெளிப்பதற்கும் அதனை உபயோகிக்கின்றனர். “இது விளையாட்டு விமானம் போன்றதுதானே, இதற்கும் சட்டம் உண்டோ?” என்று ஊராட்சி அங்கத்தினர்கள் வினவுவது இயல்பே.

மத்திய அரசு 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியிட்ட டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளன. எடை 25 கிலோவுக்கு மேற்படலாகாது; கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்பட வேண்டும்; இயக்குபவரின் கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். இறக்கை உடையதா, நான்கு விசிறி கொண்டதா என்ற பேதம் இல்லை. ஆகவே டிரோனும் மாதிரி விமானமாகலாம். ஆனால் அதே கருவியைக் கொண்டு கூலிக்குக் கலியாணப் படம் எடுக்கப் புகுந்தால் அந்தச் சலுகை பொருந்தாது.

இஃது அநியாயம் என்பார் உளர். விழுகின்ற டிரோனுக்குக் கூலி வாங்கியதும் வாங்காததும் தெரியாது என்பது அவர்கள் வாதம். உண்மைதான். எனினும் பொழுதுபோக்குக்காரர் அறுவடை முடிந்த வயலிலோ ஏரிக்கரையிலோ பறக்கவிடுவார். கூலிக்கு வந்தவரோ கூட்டம் இருக்கும் இடத்துக்கே செல்ல வேண்டியவர்; காற்று பலத்தாலும், பாட்டரி குறைந்தாலும், படமின்றித் திரும்பினால் அவருக்குப் பணம் இல்லை. ஆதலின் பொழுதுபோக்கு விதியை அப்படியே தொழிலுக்கும் விரித்தல் தகாது என்பதே நம் கருத்து.

ஏழை இளைஞருக்கு வழியே இல்லையோ எனில், உண்டு. 250 கிராமுக்கு மேற்படாத ‘நானோ’ டிரோனைத் தொழிலுக்கு இயக்கினாலும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டுவதில்லை; மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் வேண்டுவதில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரை வியாபார நோக்கம் இல்லாதவருக்கு மட்டுமே சான்றிதழில் விலக்கு உண்டு. பதிவு எண்ணை எல்லோரும் பெறுதல் வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

பசுமை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி. அதைப்போல் இரு மடங்கு என்று கொள்க. ஆயினும் இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை இந்த உயரம் 200 அடியாகக் குறையும். 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே அனுமதி தேவை. பரந்தூரில் விமான நிலையம் அமைப்பதென 2022-ல் அறிவிக்கப்பட்டது. அது இயங்கும் நாளில் நம் பக்கத்துக் கிராமங்கள் பல இந்த வட்டங்களுக்குள் வரக்கூடும். திருவிழாக் காலங்களில் ஓர் இடத்தைப் போலீஸ் அதிகாரிகள் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் அதிகாரம் உண்டு. ஆகவே பறக்கவிடுமுன் மண்டல வரைபடத்தை அன்றைக்கன்று பார்த்தல் வேண்டும்.

வானத்துக்கு அனுமதி வழங்குவது ஊராட்சியின் வேலையன்று. ஆனால் விழாவுக்கு ஆள் அமர்த்தும்போது பதிவு எண், சான்றிதழ், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்தல் ஊராருக்கு எளிது. விடியற்காலையில் நெசவாளர் தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருக்கும் நேரத்தில், அத்தெருவுக்கு மேல் டிரோனை விடாதிருக்கச் சொல்வதும் நலம். விசிறி பட்டு இழைகள் அறுந்தால், அந்தப் பாவிலிருந்து வரவேண்டிய சேலைகளின் கூலியே போயிற்று.

தீர்த்தம் தெளிக்க, பயிருக்கு மருந்து அடிக்கும் டிரோனையே வாடகைக்கு அமர்த்துவோர் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பத்து லிட்டர் தொட்டி உடையதாயின் நீர் மட்டுமே பத்து கிலோ. அத்தனை பாரத்தை மக்கள் தலைக்கு மேல் நிறுத்துகிறோம். தொட்டியிலும் குழாயிலும் பூச்சிமருந்தின் எச்சம் தங்கியிருக்கவும் கூடும். அத்தகைய கருவியை விட்டுவிட்டு, கைச்செம்பும் மாவிலையும் கொண்டு தெளிக்கும்படி கோயில் நிர்வாகத்தினரிடம் கூறுங்கள்.