எஃகோடு சேர்ந்த தங்கம்

தங்கமும் எஃகும் கலந்து இரண்டு நிறத்தில் மின்னும் சொகுசுக் கைக்கடிகாரங்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. ரோலக்ஸ் நிறுவனம் இந்தச் சேர்க்கைக்கு 'ரோலசோர்' என்ற பெயரை 1933-லேயே பதிவு செய்துவிட்டது. கண்ணாடியைச் சுற்றிய வளையம், சாவி கொடுக்கும் திருகு, பட்டையின் நடுக்கண்ணிகள் எல்லாம் தங்கம். அடிபடும் உடற்பகுதி எஃகு. தங்கம் மென்மையானது, விலையும் அதிகம். ஆகவே இது அருமையான யோசனை. 1978-இல் கார்ட்டியே நிறுவனம் தன் சான்டோஸ் கடிகாரத்தை இப்படி வெளியிட்டது. எண்பதுகளில் இந்தப் பாணி கொடிகட்டிப் பறந்தது, பிறகு ஒதுக்கப்பட்டது. 2017-இல் டியூடர் நிறுவனமும் 2018-இல் கார்ட்டியேவும் புதிய இரட்டை நிற மாடல்களோடு வந்தன. வீட்டில் இப்படிப் பழைய கடிகாரம் இருந்தால் பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பு தேய்ந்தால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைந்துவிடும்.