சீமையிலிருந்து வந்த பூட்டு

வில்லியனூரிலிருந்து பாகூருக்குச் செல்லும் சாலையில், நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் மாறி மாறித் தோன்றிக்கொண்டிருக்க, இடைவழியில் நம்மை நிறுத்தும் ஊர் கரிக்கலாம்பாக்கம். இவ்வட்டாரத்து மக்களுக்குச் சீமைச் சாமான் என்பது ஒருநாளும் நூதனமாக இருந்ததில்லை. பிரெஞ்சு ஆட்சி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதியன்று சட்டப்படியும் முடிவுற்றபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வரித்துக்கொண்ட குடும்பத்தாரும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா'க்களும், விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி என்று ஏதேனும் ஒன்றைச் சுமந்து வருவது இங்கே நெடுங்கால வழக்கம். அவற்றுக்கெல்லாம் மிஞ்சிப்போனால் மின்செருகியை மாற்ற வேண்டியிருக்கும். மற்றபடி பாரிஸில் ஓடிய கடிகாரம் பாகூரிலும் ஓடியது. கைப்பேசி வந்த பிறகுதான், கடல் கடந்து வந்த பொருள் வந்த இடத்தில் வாய் திறக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடும் என்பதை நாங்கள் அறிந்துகொண்டோம்.

என் தமக்கையின் மகன் தோக்கியோ மாநகரின் கீழ்க்கோடியில், இந்தியக் கணிப்பொறிப் பணியாளர்கள் பலர் குடியிருக்கும் நிஷிகசாய் என்னும் பகுதியில் வசிக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு வந்தவன், தான் இரண்டாண்டு உபயோகித்த ஜப்பானியக் கைப்பேசி ஒன்றைத் தாயாருக்கென்று கொடுத்தான். பின்புறம் கண்ணாடி போன்று பளபளத்தது. தண்ணீர் பட்டாலும் கெடாதாம். தமக்கையின் சிம்மை அதில் பொருத்தியதும் திரையில் ஜப்பானிய எழுத்துக்கள் இரண்டு வரி ஓடின. கீழே ஒரு கட்டம் தோன்றி, இரகசிய எண்ணைத் தா என்று நின்றுவிட்டது. "மாமா, கம்பெனி லாக் போட்டிருக்கான். கெளம்பறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும், மறந்தே போயிட்டேன்" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் சந்திப்பிலுள்ள பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். பச்சை ரப்பர் விரிப்பின்மேல் திருகாணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி செருகியிருந்த இளைஞன், பேச்சு வார்த்தை எதுவுமின்றி நட்சத்திரம், சதுரக்குறி, பூஜ்யம், ஆறு, சதுரக்குறி என்று ஐந்து விசைகளை அழுத்தினான். திரையில் பதினைந்து இலக்கங்கள் வந்து நின்றன. அதுதான் ஐ.எம்.இ.ஐ. என்று வழங்கும் எண். ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியே உரிய சாதகம் போன்றது. அதைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "சார், இது நெட்வொர்க் லாக். சாப்ட்வேர் போட்டாப் போற கேஸ் இல்ல. வாங்கின எடத்துலதான் கோடு தருவான். டவுன்ல யாராவது பிளாஷ் அடிச்சித் தர்றேன்னு சொன்னாக் குடுத்துடாதீங்க."

கொடுத்துவிட்டேன். நகரத்தில் ஒரு கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, எங்கிருந்தோ கிடைத்த எண்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்திருக்கிறார். திருப்பி வாங்கும்போது, மீதமுள்ள வாய்ப்பு மூன்று என்று திரையில் காட்டியது. இத்தகைய பூட்டுக்கள் பலவற்றில் தவறான எண்ணைக் குறித்த முறைகளுக்குமேல் இட்டால், பிறகு சரியான எண்ணைக் கொடுத்தாலும் ஏற்காதபடி நிரந்தரமாக இறுகிவிடும். நம்மூர்த் தொழிலாளியின் பேச்சைத் தட்டாமலிருப்பது நலம் என்பதை நான் அறுநூறு ரூபாய் கொடுத்துக் கற்றேன்.

இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால், கையால் தொட்டுக் காட்டும்படியாக ஓரிடத்திலும் இல்லை. சிம் அட்டைக்குள் சந்தாதாரரைக் குறிக்கும் நீண்ட எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் தேசத்தையும், அடுத்து வருபவை கம்பெனியையும் உணர்த்துவன. ஜப்பானுக்கு 440, 441, பிரான்சுக்கு 208, இந்தியாவுக்கு 404, 405. பூட்டிய கைப்பேசி, உயிர் பெற்றதும் முதற்காரியமாக இவ்விலக்கங்களைப் படித்து, தன்னுள்ளே பதித்து வைக்கப்பட்டிருக்கும் இலக்கங்களோடு ஒத்துப் பார்க்கிறது. 440, 10 என்று பதித்திருந்தால் தொகொமோ என்னும் ஜப்பானியக் கம்பெனியின் அட்டையை மட்டுமே அது அங்கீகரிக்கும். 404 என்று தொடங்கும் நம் அட்டையைக் கண்டதும் வாயிற்காவலனைப் போல் வழிமறித்து நிற்கும். கருவியில் பழுது ஒன்றுமில்லை, கட்டளைதான் அப்படி.

கட்டளை ஏன் பிறந்தது என்பதுதான் சுவாரசியமான விஷயம். ஜப்பானில் தொலைபேசிக் கம்பெனிகள் கருவியின் விலையில் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டு, ஒரு யென்னுக்குக்கூட அதைக் கொடுத்து, அந்தத் தொகையை மாதச் சந்தாவில் சிறுகச் சிறுக வசூலித்து வந்தன. ஒரு யென்னுக்கு வாங்கியவன் மறுநாளே போட்டிக் கம்பெனியின் அட்டையை மாட்டிக்கொண்டால் வியாபாரம் என்னாவது? பாகூர் ஏரிப் பாசனத்து விவசாயிக்குப் புரியும்படி சொல்வதானால், நிலத்தை மலிவு விலைக்கு எழுதிக் கொடுத்தவன், 'ஆனால் தண்ணீர் மட்டும் என் கிணற்றிலிருந்துதான் இறைக்க வேண்டும், அதுவும் நான் சொன்ன கூலிக்கு' என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்ததைப் போன்றது இது. கடன் தீரும் வரையில் அந்த நிபந்தனையில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். கடன் தீர்ந்த பின்னும் வேறு கிணற்றுக்கு வழிவிடாமல் வேலி கட்டி வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜப்பான் இதில் மற்றெவரினும் ஒருபடி மேலே இருந்தது. தொண்ணூறுகளில் அந்நாடு தனக்கென்றே ஓர் அலைமுறையை வகுத்துக்கொண்டதால், அக்காலத்துக் கருவிகளை எந்தச் சாவி கொண்டு திறந்தாலும் வெளிநாட்டில் பயன்படா. 1999ஆம் ஆண்டே கைப்பேசியில் மின்னஞ்சலும் இரயில் அட்டவணையும் பார்க்கத் தொடங்கிய அம்மக்கள், 2001 அக்டோபரில் உலகத்தின் முதல் வர்த்தக 3ஜி சேவையையும் தொடங்கினார்கள். ஆனால் அவர்களுடைய அற்புதக் கருவிகள் கடல் கடக்கவில்லை. தனித்தீவில் தம் போக்கில் பரிணமித்த கலாபகோஸ் தீவுப் பிராணிகளை நினைவூட்டும் வண்ணம், அவற்றுக்கு 'கராகே' என்று அவர்களே பரிகாசப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பூட்டுக்கு எதிரான அரசாங்கத்தின் நடவடிக்கையும் படிப்படியாகத்தான் வந்தது. 2010இல் தகவல்தொடர்பு அமைச்சகம், கம்பெனிகள் தாமே முன்வந்து திறந்து கொடுக்கலாம் என்று உபதேசம் செய்தது. தொகொமோ 2011இல் கட்டணம் வாங்கிக்கொண்டு திறக்க முற்பட்டது. உபதேசம் போதாமற் போகவே, 2015 மே முதல் கேட்டவர்க்குத் திறந்து கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. அப்போதும் வாங்கிய நாளிலிருந்து நூற்றெண்பது நாள் பொறுக்க வேண்டும். பின்னர் அது நூறு நாளாகச் சுருங்கிற்று. கடைக்குப் போய்க் கேட்டால் மூவாயிரம் யென், இணையத்தில் தாமே செய்துகொண்டால் இலவசம். கடைசியில் 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து புதிதாக விற்கும் கருவிகளைப் பூட்டுவதே பொதுவாகத் தடுக்கப்பட்டது. ஆகையால் இன்று ஜப்பானிலிருந்து புதிதாக வாங்கி வரும் கைப்பேசியில் இந்தத் தொல்லை இல்லை. பரணிலிருந்தும் பழைய சாமான் கடையிலிருந்தும் வருபவற்றில்தான் இருக்கிறது. பிரான்சிலும் மூன்று மாதம் கழிந்ததும் கம்பெனி இலவசமாகத் திறந்துகொடுக்கக் கடமைப்பட்டது. நம்மூர் சொல்தா குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதெல்லாம் அயல்நாட்டுச் சமாசாரம், நமக்கு இதில் அனுபவமில்லை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் கருவியைத் தனியே முழு விலைக்கும், சிம்மைத் தனியேயும் வாங்குவதே பெருவழக்காகிவிட்டதால் பூட்டு இங்கே வேரூன்றவில்லை என்பது மெய்தான். ஆயினும் 2003இல் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாயை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு கையில் கொடுத்த சி.டி.எம்.ஏ. கைப்பேசிகளில் சிம் என்பதே இல்லை. சந்தாதாரரின் எண் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. வேறு கம்பெனிக்கு மாற விரும்பினால் கருவியையே மாற்ற வேண்டும். 2017இல் ஆயிரத்தைந்நூறு ரூபாய்ப் பிணைத்தொகைக்கு வந்த ஜியோபோனும் அந்நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்றது. இவ்விரண்டிலும் விலை சலுகையாதலால் நிபந்தனைக்குச் சமாதானம் சொல்லலாம். 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடபோன் இரண்டின் வழியாக முப்பத்தோராயிரம் ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த ஐபோனுக்கு என்ன சமாதானம்? முழு விலையும் கொடுத்த பிறகு பூட்டும் இருந்தது. ரொக்கம் கொடுத்து வீடு வாங்கியவனிடம் வாடகைச் சீட்டு எழுதச் சொன்ன கதை அது.

பூட்டு உண்டான இடத்தில் கள்ளச்சாவியும் உண்டாகும். 2007 ஆகஸ்டில் அமெரிக்காவில் பதினேழு வயதுப் பிள்ளையான ஜார்ஜ் ஹாட்ஸ், ஐபோனின் பூட்டை முதன்முதலில் அவிழ்த்துக் காட்டி, அந்தக் கருவியைக் கொடுத்து ஒரு மோட்டார் காரையும் மூன்று புதிய ஐபோன்களையும் பண்டமாற்றாகப் பெற்றான். சென்னைப் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் இத்தொழில் செழித்த காலம் ஒன்று இருந்தது. பழைய நோக்கியாக்களுக்கு, ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்துக் கணக்கிட்டே சாவியெண்ணைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு வந்தது காகிதம் போன்ற மெல்லிய ஓர் இடையட்டை: சிம்மோடு ஒட்டி உள்ளே செருகினால், அது கைப்பேசியின் காதில் '440, உன் சொந்தக் கம்பெனிதான்' என்று பொய் ஓதிவிட்டு, வெளியே நம் கோபுரத்திடம் உண்மையான எண்ணைச் சொல்லும். சாட்சிக்கூண்டில் நின்று இருபக்கமும் பேசும் சாமர்த்தியம்! ஆனால் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே பொய் வெளிப்பட்டுவிடும்.

இங்கே ஒரு பேதத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கம்பெனியிடமிருந்து முறையாகச் சாவியெண்ணைப் பெற்றுப் பூட்டைத் திறப்பது வேறு, ஐ.எம்.இ.ஐ. எண்ணையே அழித்து வேறொன்றை எழுதுவது வேறு. முன்னது உரிமையாளரின் காரியம். பின்னது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பழைய கருவி வாங்குபவர் அந்தப் பதினைந்து இலக்கங்களை இந்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இட்டுப் பார்த்து, அது களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

எங்கள் விஷயத்தில் சாவி எளிதாகவே கிடைத்தது. ஜப்பான் திரும்பிய மருமகன் தவணை பாக்கியில்லாத தன் கணக்கில் நுழைந்து, நான் படித்துச் சொன்ன பதினைந்து இலக்கங்களை இட்டதும் சாவியெண் வந்துவிட்டது. காசு ஒன்றும் கேட்கவில்லை. மீதமிருந்த மூன்று வாய்ப்பில் ஒன்றை, தமக்கை பூஜை அறைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்ட பிறகு, நடுங்கும் விரலால் செலவழித்தேன். பூட்டு திறந்தது. திண்ணையில் நின்றால் டவர் ஒரு கோடு காட்டியது. உள்ளே காலெடுத்து வைத்ததும் அதுவும் மறைந்தது.

மறுபடியும் சந்திப்புக் கடைக்காரனிடந்தான் போனேன். நகரக் கடைக்குப் போனதை நான் சொல்லாமலே புரிந்துகொண்டவனாய்ச் சிரித்துவிட்டு, "லாக் போயிடுச்சி சார், பேண்ட் இல்ல" என்றான். காற்றில் அலைகள் பல தடங்களில் ஓடுகின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்தியாவில் சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும் 850 அலைக்கு ஐந்தாம் எண். ஜப்பானில் ஏறக்குறைய அதே உயரத்தில் ஓடும் அலைக்குப் பதினெட்டு, பத்தொன்பது என்று வேறு எண்கள். அண்டை வீட்டுக்காரர்தான், ஆனால் வாசல் வேறு. அந்தக் கருவியில் பத்தொன்பது இருந்தது, ஐந்து இல்லை. இரண்டு நாட்டுக்கும் பொதுவான மூன்றாம் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் திண்ணையில் அது மூச்சு விட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, அன்று 4ஜி மட்டுமே நடத்திய கம்பெனியின் சிம்மில் குரலும் 4ஜி வழியாகவே போக வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய நம் நாட்டுக் கம்பெனியின் அமைப்பு அந்தக் கருவிக்குள் இல்லாததால், இணையம் வந்ததே தவிர அழைப்பு வரவில்லை.

ஆகவே அது தமக்கையின் வீட்டில் வை-பையில் மட்டும் ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு, அங்கே பதினொன்றரைக்கு, மகன் முகத்தைப் பார்க்க அது போதும் என்கிறாள். ஜப்பானில் விற்கும் பெரும்பாலான கைப்பேசிகளில் படமெடுக்கும் சத்தத்தை அடக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். பேத்தியின் காதணி விழாவில் ஆசாரி கம்பியை ஓங்கிய கணத்தில் அது 'கிளிச்' என்று கத்தி, குழந்தைக்கு முன்னால் ஆசாரியே துள்ளிவிட்டார்.

சென்ற முறை வந்தபோது மருமகன் பெட்டியைத் திறக்குமுன்னே, "இதுல நம்ம டவர் எடுக்குமாடா?" என்று தமக்கை கேட்டாள். பதில் சொல்லாமல் அவன் புதுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னோடு சந்திப்புக்கு நடந்தான். கடைக்கார இளைஞன் தமக்கையின் சிம்மைச் செருகி, அமைப்புப் பக்கத்தை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டான்.

"அஞ்சு இருக்கு சார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."