அடிக்கடி நின்றுபோகும் பில்லிங் கம்ப்யூட்டர்: முதலில் காப்பாற்ற வேண்டியது கணக்கை

நம் வியாபாரிகளில் பலருடைய கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகிறது. அதற்கும் முந்தைய எக்ஸ்.பி. உள்ள கடைகளும் உண்டு. "பில் வருகிறது, கணக்கு நிற்கிறது, வீண் செலவு எதற்கு?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நடு வியாபாரத்தில் நீலத் திரை காட்டி நின்றுவிடும் மெஷினை, ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துப் போட்டே ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. கணக்கைப் பதிந்துகொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் கணக்குக் கோப்பு பழுதாகும். ஒரு நாள் அது திறக்கவே திறக்காது.

மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் போனால் அதை எந்தக் கடையில் வாங்குவது? ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்பது அதற்குப் பதிலாகாது.

ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் பேக்கப் எடுங்கள். வருகிறவர் பெரும்பாலும், "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் அண்ணாச்சி" என்பார். பில்லிங் புரோகிராமின் கணக்கு பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும். ஃபார்மட் போட்டால் அதுவும் சேர்ந்து அழியும். எங்கள் பகுதியில் ஒரு பருப்புக் கடையில் இப்படித்தான் நடந்தது. பாக்கிக்காரர்களின் வீட்டுக்கே போய், அவர்கள் கையில் இருந்த பில்களை வைத்துப் பேரேட்டைத் திரும்ப எழுதினார்கள். பில் வைத்திருந்த நாணயஸ்தர்கள் கொடுத்தார்கள். மற்றவர்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பென்டிரைவ் போதும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது. கடை சாத்தும்போது எடுத்து, அன்றைய டிரைவை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை.

அடுத்து, நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் விண்டோஸ் மீது போடுவதற்கில்லை. மளிகைக் கடையின் தூசி சாதாரணத் தூசி அல்ல. மாவும் மிளகாய்ப் பொடியும் சி.பி.யு. விசிறியில் அப்பிக்கொள்ளும். மத்தியானம் மட்டும் நின்றுபோனால் சூடுதான் காரணமாக இருக்கக்கூடும். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், உள்ளே திறந்து பார்ப்பவர் யாருமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜோ அரவை மோட்டாரோ ஓடத் தொடங்கும் நேரத்தில் நின்றால் மின்சாரத்தையும் யு.பி.எஸ். பேட்டரியையும் பாருங்கள். லேசர் பிரிண்டரைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் மாட்டவே கூடாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல், முதலில் கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். காலையில் ஆன் செய்யும்போது தேதி பழைய வருடத்தைக் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள சிறு பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். விலை சொற்பம், கவனிக்காவிட்டால் அன்றைய பில் அத்தனையிலும் தேதி தவறும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நின்றால்தான் விண்டோஸைப் பற்றி யோசிக்க வேண்டும். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும் ஆதரவை நிறுத்திவிட்டது. அதாவது, புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டார்கள். குரோம் பிரௌசரும் 2023-இல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. பழைய மெஷினை இன்னும் சில மாதம் ஓட்டத்தான் வேண்டும் என்றால் அதில் இன்டர்நெட் வேண்டாம். ரிட்டர்ன், பேங்க் வேலைகளை வேறு மெஷினில் செய்யுங்கள்.

மெஷின் நின்ற நேரத்திலும் வியாபாரம் நிற்காது. தனி எழுத்தில் தொடங்கும் வரிசை எண்ணுடன் ஒரு கைப்பில் புத்தகம் கல்லாவில் இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பதிவு பெறாதவருக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனை என்றால், அவர் பில் கேட்காதபோது, நாள் முடிவில் மொத்தமாக ஒரே பில் போடலாம். மெஷின் மீண்டும் வந்ததும் கடைசியாக அச்சான பில்லின் எண்ணையும் திரையில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். பதிவாகாத பில்லை ஏற்றாமல் அடுத்ததைப் போட்டால் ஒரே எண்ணில் இரண்டு பில் வந்துவிடும்.

புதிது வாங்கும்போது, மலிவு என்று ஆதரவு முடிந்த விண்டோஸ் உள்ள பழைய மெஷினையே மறுபடி வாங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறுமா, அதற்கு வேண்டிய டி.பி.எம். 2.0 உண்டா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பில்லிங் புரோகிராமும் பிரிண்டரும் அதில் ஓடுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். கணக்கை மாற்றிய பின் சரக்கு இருப்பு, பாக்கிப் பட்டியல், கடைசி பில் எண் மூன்றும் இரண்டு மெஷினிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழையதை உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம். போடும் நாள் வந்தாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் கொள்முதல் விலை முழுவதும் இருக்கிறது.